ஒரு வீட்டுக்கு ஒரு கை

பினாங்கில் இருக்கும் தண்ணீர்ப் பந்தல் சங்கத்தில் பெண்களுக்கு ஓட்டு எப்படி வந்தது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தலைவர் புவனேஸ்வரனைக் கேட்டால், காலத்துக்கேற்ப மாறுவதுதான் நல்ல தலைமைக்கு அழகு என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார். அவரைப் பேசவிட்டால் கையிலிருக்கும் காப்பி ஆறிவிடும். இளைஞர் பிரிவுத் தனேஷைக் கேட்டால், "ஐடியா என்னோடதுதான் லா" என்பான். அதில் பாதி உண்மை, அந்தப் பாதியே அவனுக்கு வினையாக முடிந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மோகனராஜைக் கேட்டால், "எங்கம்மா வாய்தான் காரணம்" என்று சிரிப்பான். அந்த அம்மா ருக்குமணியைக் கேட்டால் மட்டும் பதில் வராது. "அதெல்லாம் என்னா பெரிய கதை, மொதல்ல சாப்பிடுங்க" என்று தட்டை நீட்டுவார்.

பெரிய கதைதான். அதனால் அவரை விட்டுவிட்டு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதாகிறது.

ருக்குமணிக்கு இப்போது அறுபது வயது. ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் பதினோராம் மாடியில் வீடு. லிஃப்ட் பழுதானால் மூச்சு வாங்க ஏறி வந்து, வாசலில் நின்றபடியே ஃபிளாட் நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஆனால் திட்டு வாங்கிய ஆள் அடுத்த நிமிடமே வந்து நின்றால், அவருக்கும் ஒரு கிளாஸ் தேநீர் கிடைக்கும்.

பதினெட்டு வயதில் பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தவர். விடியுமுன் பஸ் கிலாங் வந்து நிற்கும். அந்த ஃபேக்டரி பஸ்ஸில் ஏறித் தூக்கத்தை முடித்துக்கொண்டு, நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. ரோஹானா என்று ஒரு மலாய்க்காரத் தோழி அங்கே இருந்தார். ஒரு வருஷம் கேன்டீன் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். ரோஹானா ருக்குமணியின் பெயரைச் சொல்ல, மொத்த லைனும் கை தூக்கிவிட்டது. அதற்கப்புறம்தான் கேன்டீன் மீன் குழம்பில் மீன் தென்பட ஆரம்பித்தது என்று அங்கே வேலை செய்த பெண்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

நாட்டுத் தேர்தலில் ஒன்றையும் அவர் விட்டதில்லை. ஆயர் ஈத்தாம் பள்ளிக்கூடத்தில் வெயிலில் வரிசையில் நின்று, ஓட்டுப் போட்டு, மை வைத்த விரலை ஒரு வாரத்துக்கு எல்லாரிடமும் காட்டுவார். ஆக நாடு அவரைக் கேட்டது, ஃபேக்டரி கேட்டது. ஒரு வார்த்தைகூடக் கேட்காத இடம் ஒன்றே ஒன்று. அது அவருடைய சொந்தச் சங்கம்.

சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலை ஓரத்தில் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களுக்கு மோரும் பானகமும் சோறும் கொடுக்கிற சங்கம். ஒரு காலத்தில் துறைமுகத்தில் ஒன்றாக வேலை செய்த குடும்பங்கள் சேர்ந்து தொடங்கியது. டத்தோ கிராமாட் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்ன மண்டபமும், அதன் பின்னால் பெரிய சமையலறையும் அதற்குச் சொந்தம். ஆண்டுக் கூட்டத்தில் எதை முடிவு செய்வதானாலும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கை. அந்தக் கை ஆம்பளைக் கை. அப்பா போனால் மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன். விதிப் புத்தகத்தில் 'வீட்டுக்கு ஒருவர்' என்று மட்டும்தான் இருந்தது; அந்த ஒருவர் வேட்டி கட்டியவர் என்பது எல்லார் மண்டையிலும் தானாகப் பதிந்துபோயிருந்தது. எழுதி வைத்த சட்டத்தையாவது அடித்துத் திருத்தலாம்.

ருக்குமணி வீட்டுக் கை அவருடைய கணவர் தங்கராஜு. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கும். கூட்டத்துக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு வருஷமும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்பார்.

"ருக்கு, இந்த வாட்டி எதுக்குக் கை தூக்கணும்?"

ருக்குமணி சொல்வார். தங்கராஜு போய் அதற்குத் தூக்குவார். புதுச் சமையல் பாத்திரம் வாங்கினது, பந்தலில் குழந்தைகளுக்குத் தனியாகப் பால் காய்ச்சினது, எல்லாம் அப்படி வந்தவைதான். ஆண்கள் எல்லாம் தங்கராஜுவின் மூளையை மெச்சிக்கொண்டார்கள். ருக்குமணி பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்.

அப்படி வந்தவற்றுள் ருக்குமணிக்கு உயிரானது ஒன்று உண்டு. பந்தலின் பின்பக்கம், சுற்றிலும் துணி கட்டிய ஒரு மறைப்பு. உள்ளே நாலு நாற்காலி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்.

மோகனராஜ் பிறந்த பின் வந்த முதல் தைப்பூசத்தில், நேர்த்திக்கடனுக்காக அவனைக் கரும்புத் தொட்டிலில் போட்டு எடுத்துப் போனார்கள். முன்னால் தங்கராஜுவின் தோள், பின்னால் ருக்குமணியின் தம்பி தோள், நடுவில் மஞ்சள் துணியில் பிள்ளை. பாதி வழியில் பிள்ளை பசிக்கு வீறிட்டது. தொட்டிலை இறக்கிப் பிள்ளையை வாங்கிக்கொண்ட ருக்குமணிக்கு உட்கார இடமில்லை. ஒரு பந்தலில் ஒதுங்கப் போனார், "இங்க ஸ்பீக்கர் வைக்கணும், நகருங்க" என்றார்கள். இன்னொரு பந்தலில் ஆண்கள் கூட்டம். கடைசியில் நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார். அங்கேயும் நாலு பயல்கள் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மார்பும் சேலையும் நனைந்து, பிள்ளை அலறி, ருக்குமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முருகன் சந்நிதிக்குப் போகிற வழியில் இப்படி அவமானப்பட்டோமே என்று நினைத்தார். அப்போது தங்கராஜு தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அந்தப் பயல்களை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார். பிள்ளை குடித்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவர் தூக்கிய கைதான் மறைப்பாக வந்தது. அதற்குப்பின் எத்தனை தைப்பூசம்! பால்குடம் சிந்தி உடம்போடு ஒட்டிய சேலையை மாற்ற வந்தவர்கள், திடீரென்று மாதவிலக்காகிப் பயந்து நின்ற சின்னப் பெண்கள், நேர்த்திக்கடன் செலுத்த வந்து மயங்கிய சீனத்து அம்மா ஒருவர், எல்லாரையும் ருக்குமணி அந்தத் துணிக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்திருக்கிறார். மலை மேலே போய்ச் சாமி பார்க்காமலே அவருக்குப் பல தைப்பூசம் முடிந்திருக்கிறது. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் தங்கராஜு மாரடைப்பில் போய்விட்டார். அடுத்து வந்த ஆண்டுக் கூட்டத்தில் ருக்குமணி வழக்கம்போல் சமையலறையில் இருந்தார். மண்டபத்தில் "கை தூக்குங்க" என்று குரல் கேட்டது. கத்தியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது: இத்தனை வருஷமாகத் தன்னிடம் இருந்தது ஓட்டு இல்லை, ஒரு நல்ல புருஷன். புருஷன் போனதற்கு அழுதது போதாதென்று அன்றைக்கு இதற்காகவும் அழுதார். வெங்காயம் இருந்ததால் யாரும் காரணம் கேட்கவில்லை.

வீட்டுக் கை இப்போது மகன் மோகனராஜிடம் போயிற்று. அவன் சிங்கப்பூரில். மாதத்துக்கு ஒரு தடவை வந்து போவான். அவன் மனைவி பிரமிளா அத்தையோடு பினாங்கிலேயே இருக்கிறாள், ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. பட்டர்வொர்த்துப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. குழம்பில் உப்புப் பார்க்கச் சொன்னால்கூட "நீங்க சொன்னா சரிதான் அத்தை" என்பாள். இப்படி ஒரு மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ருக்குமணி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வார். அவள் மனதிலும் தன் மனதில் இருப்பதே இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன வருஷம் தனேஷ் ஒரு தீர்மானம் கொண்டு வந்தான். பந்தலில் உறுமி மேளக் குழுக்கள் வாசிக்கப் பெரிய மேடை வேண்டும், இடம் போதாது, பின்னால் இருக்கும் மறைப்பை எடுத்துவிட்டுப் பந்தலைப் பின்னுக்கு நகர்த்தினால் முன்னால் மேடைக்கு இடம் கிடைக்கும். தனேஷ் கெட்ட பிள்ளை இல்லை. பந்தல் கம்பி நட முதல் ஆளாக வருவான். ருக்குமணி கேட்டபோது, "அக்கா, கோயில்ல டாய்லெட் இருக்குல்ல, பொம்பளைங்க அங்க போய்க்கலாம் லா" என்றான். தைப்பூசத்தன்று அங்கே நிற்கும் வரிசையை அவன் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததுமில்லை.

ருக்குமணி மகனுக்குப் போன் போட்டார்.

"ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து கைய தூக்கிட்டுப் போடா."

"அம்மா, ஒரு துணிக்காக நான் பஸ் ஏறி வரணுமா? இங்க ஆள் இல்லம்மா, லீவு குடுக்க மாட்டான்."

"அந்தத் துணி இல்லாத வருஷம் நீ கத்துன கத்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் கேட்டுச்சு" என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்து தலைவர் வீட்டுக்குப் போனார். புவனேஸ்வரன் யாழ்ப்பாணக் குடும்பம். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத ஆங்கிலமும் மலாயும் தெரிந்தவர் என்பதால் துறைமுகத்துக்காரர்கள் அவரை விரும்பித் தலைவராக்கி வைத்திருந்தார்கள். அவருடைய மனைவி வள்ளிநாயகி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"மகனுக்குப் பதிலா நான் கை தூக்குறேன் தலைவரே. எங்க வீட்டுக் கைதானே."

"எனக்கு விளங்குது ருக்குமணி. ஆனா வழக்கம் எண்டு ஒண்டு இருக்கு. இன்றைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேட்பினம்."

"கேக்கட்டுமே."

புவனேஸ்வரன் புன்னகைத்து, மேடை வந்தால் சங்கத்துக்கு எவ்வளவு பெயர் என்று பேச்சை மாற்றினார். பூசி மெழுகுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. குடித்த கிளாஸை எடுத்துக்கொண்டு வள்ளிநாயகி உள்ளே போனார்.

ஆண்டுக் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முன்னால் இரண்டு தடவை கூட்டி, இரண்டு தடவையும் ஆள் போதாமல் கலைந்திருந்தது. கூட்டம் செல்லுபடியாக இருபது வீடாவது வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருந்தால் இருபது வீட்டுக்கு எங்கே போவது? இந்தத் தடவையும் நடக்காவிட்டால் பந்தல் பெர்மிட்டுக்கு அனுப்பக் கூட்டத் தீர்மானம் இருக்காது, தைப்பூசத்துக்குப் பந்தலே இருக்காது.

மணி பத்தாயிற்று. மண்டபத்தில் பதினைந்து ஆண்கள். புவனேஸ்வரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் சமையலறையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்பது பெண்கள். இப்போதெல்லாம் புருஷன் கூட்டத்துக்கு வந்த வீட்டில் மனைவி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். புருஷனோ மகனோ வெளியூரில் இருந்தால்தான் இங்கே வந்து சமைக்க நேரம் கிடைக்கும். ஆகவே வந்தவர்களில் எட்டுப் பேர் அப்படிப்பட்ட ஏழு வீட்டுக்காரர்கள். ருக்குமணியும் பிரமிளாவும் ஒரே வீடு. ஒன்பதாவது ஆள் வள்ளிநாயகி. தலைவரின் மனைவி சமையலை மேற்பார்க்க வருவது வழக்கம்.

அப்போதுதான் தனேஷுக்கு அந்த ஐடியா வந்தது.

"தலைவரே, பின்னால அக்காங்க இருக்காங்கல்ல. கூப்பிட்டு உக்கார வைங்க லா. ஏழு வீடு சேந்துடும். சும்மா தலைய எண்ணத்தானே."

புவனேஸ்வரன் முகம் மலர்ந்தது. பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வள்ளிநாயகி மட்டும் சாம்பாரைப் பார்த்துக்கொள்ள அடுப்படியிலேயே நின்றுகொண்டார். தலைவர் வீடு வீடாக எண்ணினார். "ருக்குமணி வீடு ஒன்று" என்று விரலை நீட்டி எண்ணினார். இருபத்திரண்டு வீடு. கூட்டம் செல்லும் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். வரவேற்பு, போன வருஷ அறிக்கை எல்லாம் மளமளவென்று முடிந்தன.

"அடுத்தது தனேஷின் தீர்மானம், வாக்கெடுப்பு. அம்மாமார் இனி அடுப்படிக்குப் போகலாம். நன்றி."

பெண்கள் எழுந்தார்கள். ருக்குமணி எழவில்லை. திட்டம் போட்டு வந்தவர் இல்லை அவர். அந்தக் கடைசி 'நன்றி'தான் அவருக்குச் சுர்ரென்று ஏற்றிவிட்டது.

"தலைவரே, இப்ப நாங்க எழுந்து போனா எத்தன வீடு இருக்கும்?"

புவனேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"உக்காரும்போது ருக்குமணி வீடு ஒண்ணுன்னு எண்ணுனீங்க. கை தூக்கும்போது அந்த வீடு எங்க போச்சு? நாங்க அந்த வீட்டு ஆளுன்னா கைய எண்ணுங்க. இல்லன்னா தலைய எண்ணுனதும் தப்பு, கூட்டமும் செல்லாது. எங்களுக்கு ஒண்ணுமில்ல, சோறு பாதி வேக்காட்டுல கெடக்கு, போய் அதப் பாக்குறோம்."

எழுந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்ப உட்கார்ந்தார்கள். தனேஷ் தலையைச் சொறிந்தான். கூட்டம் கலைந்தால் பெர்மிட் இல்லை, மேடையும் இல்லை, எல்லாம் போச்சு. தலைவரும் செயலாளரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். வேறு வழியில்லை.

"சரி" என்றார் புவனேஸ்வரன். "ஆம்பளை வராத வீட்டுக்கு அந்த வீட்டுப் பெண் கை தூக்கலாம். ஆனா ஒரு வீட்டுக்கு ஒரு கை. அதில மாற்றமில்லை."

ருக்குமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறைப்பு இனித் தன் கையில்.

"தீர்மானத்தை எதிர்ப்பவர்கள்?"

தங்கராஜுவின் பழைய கூட்டாளிகள் நாலு பேர் கை தூக்கினார்கள். ருக்குமணி தூக்கினார். மற்ற ஆறு வீட்டுப் பெண்களும் தூக்கினார்கள். பதினொன்று. மீதி ஆண்கள் பத்துப் பேர்தான். தலைவர் கணக்கில் வரமாட்டார், இரண்டு பக்கமும் சமமானால்தான் அவர் ஓட்டு. ருக்குமணி மனதுக்குள் முருகா என்று சொல்லிக்கொண்டார். ஜெயித்தாயிற்று.

"ஆதரிப்பவர்கள்?"

பத்து ஆண்களின் கை உயர்ந்தது. பெண்கள் வரிசையிலும் ஒரு கை மெதுவாக, காதளவுக்கு வந்து நின்று, பிறகு நேராக உயர்ந்தது. பிரமிளாவின் கை.

ருக்குமணி தன் கண்ணை நம்பவில்லை. மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது.

"பதினொண்ணு! சமம்!" என்று துள்ளினான் தனேஷ். "இனி தலைவர் ஓட்டுதான்!"

"அது எப்படி?" என்று தங்கராஜுவின் கூட்டாளி ஒருவர் எழுந்தார். "ஒரு வீட்டுக்கு ஒரு கை. அந்த வீட்டுக்கு ருக்குமணி தூக்கியாச்சு. அந்தப் பொண்ண கைய இறக்கச் சொல்லுங்க."

அவர் நல்லெண்ணத்தில் ருக்குமணிக்காகத்தான் பேசினார். புவனேஸ்வரன் பிரமிளாவைப் பார்த்தார், ருக்குமணியைப் பார்த்தார்.

"ருக்குமணி, உங்கட வீட்டுக் கை எது? நீங்களே சொல்லுங்கோ."

ஒரு வார்த்தை போதும். 'என்னுது' என்று சொன்னால் மறைப்பு நிற்கும். ருக்குமணிக்கு வந்த கோபத்தை எழுத்தில் அடக்க முடியாது. என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என்னையே எதிர்த்துத் தூக்குகிறாளே! இந்த மறைப்பு எனக்கு என்னவென்று தெரியாதா இவளுக்கு? திரும்பி மருமகளை முறைத்தார்.

பிரமிளாவின் கை இன்னும் உயரத்திலேயே இருந்தது. கண் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை புருவத்தைக் கொஞ்சம் அசைத்தால் போதும், கை மடிக்கு வந்துவிடும். அது ருக்குமணிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது தெரிந்ததும் அவருக்கு என்னவோ போலிருந்தது. இன்னொருத்தர் முகத்தைப் பார்த்து இறங்குகிற கைக்காகத்தான் இன்றைக்கு இந்தச் சண்டை போட்டோமா?

தலைவர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ரெண்டையும் எண்ணுங்க தலைவரே."

"ஒரு வீட்டுக்கு ஒரு..."

"சோறு போடுறப்ப வீட்டுக்கு ஒரு வாய்னா எண்ணுறோம்? எங்க வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். ரெண்டு கை. அவ கை அவளுது. எண்ணுங்க."

தங்கராஜுவின் கூட்டாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செயலாளர் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார். புவனேஸ்வரன் எண்ணினார். பதினொன்றுக்குப் பதினொன்று. ருக்குமணி தரையைப் பார்த்தார். தலைவர் எந்தப் பக்கம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்படியெண்டால், தலைவர் என்ற முறையில் நான்..."

"இஞ்சருங்கோ."

எல்லாரும் திரும்பினார்கள். அடுப்படி வாசலில் வள்ளிநாயகி கரண்டியோடு நின்றிருந்தார். கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன வள்ளி, கூட்டம் நடக்குது."

"ருக்குமணி வீட்டில ரெண்டு கை எண்டால், எங்கட வீட்டிலயும் ரெண்டுதானே?"

"எங்கட வீட்டுக்கு நான் இருக்கிறன்தானே?"

"நீங்கள் இருக்கிறியள். நானும் இருக்கிறன்." கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையைத் தூக்கினார். "நான் எதிர்ப்பு. எண்ணுங்கோ."

புவனேஸ்வரன் மனைவியை உற்றுப் பார்த்தார். இத்தனை வருஷ வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். அப்புறம், தலைவரைப் பற்றி என்ன கேலி பேசினாலும் இதைச் சொல்லியாக வேண்டும், மனிதர் மழுப்பவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"பன்னிரண்டு" என்றார். "தீர்மானம் தோற்றது."

"தலைவரே, உங்க வீட்டுலயே எதிர்க்கட்சியா லா!" என்று தனேஷ் தலையிலடித்துக்கொள்ள, மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. இனி வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கை என்று எழுதி முடித்துவிட்டுத்தான் செயலாளர் சாப்பிட எழுந்தார். வடை தீர்ந்துபோயிருந்தது.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு ருக்குமணி சமையலறைக்கு வந்தார். பிரமிளா குழாயடியில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள். ருக்குமணி பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டார்.

"மறைப்பு வேணாமா ஒனக்கு?"

"வேணும் அத்தை. மேடையும் வேணும்." பிரமிளா நிமிரவில்லை. "கல்யாணத்துக்கு முன்ன நான் உறுமி அடிப்பேன். பட்டர்வொர்த்துல பொண்ணுங்களா சேந்து ஒரு குழு வச்சிருந்தோம். எங்களுக்கு எந்தப் பந்தல்லயும் எடம் குடுக்கல. தனேஷ் அண்ணன் மேடை போட்டா கேக்கலாம்னு நெனச்சேன்."

"உறுமியா? நீயா?" ருக்குமணியின் கையிலிருந்து தேங்காய் நார் நழுவியது. உப்புப் பார்க்கச் சொன்னால்கூடத் தன் முகத்தைப் பார்க்கிற இந்தப் பெண் தோளில் உறுமியை மாட்டிக்கொண்டு தெருவில் அடித்தவளா? "ரெண்டு வருசமா என் வீட்டுல இருக்க. ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க கேக்கவேயில்லயே அத்தை."

சாதாரணமாகத்தான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. ருக்குமணிக்கு அது நேராக உள்ளே போய் விழுந்தது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். இன்னொன்றை எடுத்தார். பந்தலில் அடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் வைக்கும் இடத்தை வெளியே தள்ளினால் மேடைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மனம் அதுபாட்டுக்கு அளந்துகொண்டிருந்தது. பிறகு கை நீட்டி, பிரமிளாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். பிரமிளாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"என் கைய இறக்கச் சொல்லியிருந்தீங்கன்னா இறக்கியிருப்பேன் அத்தை."

"தெரியும்" என்றார் ருக்குமணி. "அதான் சொல்லல."